கண்ணும் காயக் கூடாது, கண்ணாடியும் மங்கக் கூடாது: உலர் கண் உள்ளவர்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி வழிகாட்டி

உலர் கண் உள்ளவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி ஏமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். கண்ணுக்கு இதமளிக்கும் ஈரமும் லென்ஸில் ஆவியாகப் படியும் ஈரமும் ஒன்றே. காற்றே புகாதபடி மூடினால் கண் குளிரும், ஆனால் சற்று நேரத்தில் எதிரே வருவது லாரியா சுவரா என்று தெரியாது. ஆவி படியக் கூடாதென்று துளை நிறைய உள்ளதை வாங்கினால், அந்தத் துளை வழியாக வரும் காற்றே கண்ணை எரிய வைக்கும். எவ்வளவு மூடுவது, எங்கே திறந்து விடுவது என்பதை நீங்கள் அதை அணியப் போகும் இடம்தான் தீர்மானிக்கும். விலை அதற்கு அடுத்த விஷயம். 300 ரூபாய்க் கண்ணாடி சரியாக அமைவதும் 3,000 ரூபாய்க் கண்ணாடி மூலையில் கிடப்பதும் இதனால்தான்.

முதல் படி: மங்கல் கண்ணாடியிலா, கண்ணிலா?

இதைப் பார்க்காமல் கடைக்குப் போக வேண்டாம். கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைவதால் உலர் கண் உள்ளவர்களுக்குப் பார்வையே அவ்வப்போது மங்கும். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். மங்கலாகும்போது இரண்டு முறை முழுதாக இமைத்துப் பாருங்கள். தெளிந்தால் குறை கண்ணீர்ப் படலத்தில் இருக்கிறது. தெளியாவிட்டால் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் தெளிந்தால்தான் ஆவி. கெட்டியான ஜெல் சொட்டு மருந்தோ களிம்போ போட்ட சில நிமிடங்களுக்கும் பார்வை மங்கும், அதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை.

கண்ணீரில் எண்ணெய், நீர், சளிப்பொருள் மூன்றும் உண்டு. இமை ஓரத்தில் உள்ள மைபோமியன் சுரப்பிகள் தரும் எண்ணெய் மேலே பரவி, கீழே உள்ள நீர் ஆவியாகாமல் காக்கிறது. அந்த எண்ணெய் குறைந்தவர்களுக்குக் கண்ணீர் சுரந்தாலும் தங்காது. கவசக் கண்ணாடியால் அதிகப் பயன் இவர்களுக்குத்தான். கண்ணீரே போதுமான அளவு சுரக்காதவர்களுக்கும் உதவும், ஆனால் மருந்தோடு சேர்த்துத்தான். எந்த வகை என்று அறிய மருத்துவர் கண்ணீர்ப் படலம் உடையும் நேரத்தைப் பார்ப்பார், கீழிமையில் காகிதப் பட்டை வைத்து 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்றும் அளப்பார். கண் வலி, வெளிச்சம் தாங்காமை, பார்வை குறைதல், சீழ் இவற்றில் ஏதாவது இருந்தால் கண்ணாடி தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தொற்றுள்ள கண்ணை ஃபோம் வைத்து மூடி வைப்பது கிருமிக்குப் பாய் விரிப்பதுதான்.

இரண்டாம் படி: ஆவி எந்தப் பக்கம் படிகிறது?

விரலால் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், பிறகு வெளிப்பக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காற்றில் உள்ள ஈரம், போதுமான அளவு குளிர்ந்த பரப்பில் பட்டால் துளியாகிறது. எந்த வெப்பநிலையில் துளியாகத் தொடங்குமோ அதைப் பனிப்புள்ளி என்பார்கள். சென்னையில் ஐப்பசி மழைக்கு நடுவே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிப்புள்ளி ஏறத்தாழ 26 டிகிரி. ஏசி காரில் 22 டிகிரியில் குளிர்ந்த லென்ஸோடு கதவைத் திறந்து இறங்கியதும், வெளிப்பக்கம் முழுக்க ஒரே நொடியில் வெள்ளையாகும். இது வெளி ஆவி. உங்கள் மூச்சோ கண்ணோ காரணமில்லை. துடைத்தால் மறுபடி படியும், ஏனென்றால் லென்ஸ் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இறங்குவதற்கு 5 நிமிடம் முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தால் உடல் சூட்டில் லென்ஸ் வெதுவெதுப்பாகிவிடும். இதற்குச் செலவே கிடையாது.

உள் ஆவி வேறு. கண்ணின் பரப்பு 34 டிகிரி அளவில் இருக்கிறது. அதைச் சுற்றி அடைபட்ட காற்று கண்ணீர், வியர்வை, மூச்சு மூன்றிலிருந்தும் ஈரம் வாங்கிக்கொண்டே இருக்கும். லென்ஸ் அந்தக் காற்றின் பனிப்புள்ளியைவிடக் குளிர்ந்திருந்தால் ஈரம் அங்கே போய் ஒட்டும். இதைத் தவிர்க்க மூன்று வழிதான். லென்ஸ் குளிராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. துளியாகாமல் நீர் மெல்லிய படலமாகப் பரவும்படி பூச்சு வைப்பது இன்னொன்று. மிச்ச ஈரம் மெதுவாக வெளியேற வழி விடுவது மூன்றாவது. நல்ல கண்ணாடி எதுவானாலும் இவற்றில் இரண்டையாவது செய்திருக்கும்.

மாஸ்க் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. மூக்கின் மேல் இடுக்கு வழியே மேலேறும் மூச்சு லென்ஸை மூடுவதோடு கண்ணையும் காய வைக்கிறது. வெதுவெதுப்பான ஈரக் காற்றுதானே என்று தோன்றும். ஆனால் ஓடும் காற்று எதுவானாலும் கண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும். கண்ணாடியை மாற்றும் முன் மாஸ்க்கின் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, மேல் விளிம்பில் தோலுக்கான டேப் ஒட்டிப் பாருங்கள். பலருக்கு இதோடு தொல்லை தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: அணியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஏசி அலுவலகம். காற்று காய்ந்திருக்கும், ஏசியின் வீச்சு முகத்தில் விழும், திரையைப் பார்க்கும்போது நிமிடத்துக்குப் 15 முறை அளவில் இமைக்கும் கண் அதில் பாதி கூட இமைக்காது. அறை காய்ந்திருப்பதால் ஆவி படியும் வாய்ப்புக் குறைவு, அதனால் நன்றாக மூடலாம். மூடிய செல் ஃபோம் (காற்று ஊடுருவாத ஃபோம்) அல்லது சிலிக்கோன் விளிம்பு இங்கே பொருந்தும். காகிள்ஸ் போட்டு மீட்டிங்கில் உட்காரக் கூச்சமாக இருந்தால், பக்கத் தடுப்பும் மேல் விளிம்பும் உள்ள சாதாரணத் தோற்றக் கண்ணாடியே பெரும்பகுதி காற்றைத் தடுத்துவிடும். அதற்கும் முன்னால் ஏசியின் துடுப்பைத் திருப்பி விடுங்கள். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். பார்வை தாழ்ந்தால் இமை தானாகவே பாதி மூடும், வெளியே தெரியும் கண் பரப்பும் குறையும்.

இரு சக்கர வாகனம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கோவை, பல்லடம், உடுமலை பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்குத் தூசியும் வீச்சும் சேர்ந்தே வரும். ஆரல்வாய்மொழிச் சாலையும் அப்படித்தான். ஓடும்போது ஆவி படியாது, சிக்னலில் நின்றதும் படியும். இதற்குத் திறந்த செல் ஃபோம் வைத்த கண்ணாடிதான் சரி. ஃபோமின் நுண்துளைகள் வீச்சை உடைத்து மெதுவாக்கும், ஈரத்தை வெளியே விடும். முழு முக ஹெல்மெட் இருந்தால் வைசரை மூடிவிட்டுப் பக்கத் தடுப்புள்ள சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாலே பலருக்குப் போதும். வைசரிலேயே ஆவி படிந்தால் உள்ளே ஒட்டும் ஆன்டி ஃபாக் (ஆவி படியாமல் தடுக்கும்) தகடு கிடைக்கிறது. பின்லாக் என்று கேட்டால் தெரியும், ஆனால் அதற்கான குமிழ்கள் உள்ள வைசரில்தான் பொருந்தும். கறுப்பு லென்ஸை இரவில் போடாதீர்கள். மஞ்சள் லென்ஸ் இரவுப் பார்வையைக் கூட்டும் என்பதையும் நம்ப வேண்டாம்.

பட்டறை, நூற்பாலை, மரவேலை. இங்கே முதல் கேள்வி கண்ணுக்குள் எதுவும் பாயாமல் இருப்பது, வறட்சி அதற்கு அடுத்துத்தான். அரைக்கும் வேலையில் மோதல் தரம் பெற்ற லென்ஸ் இல்லாமல் நிற்கக் கூடாது. மெல்லிய பஞ்சு, மரத்தூளுக்கு நேர்த்துளை காகிள்ஸ் உதவாது, தூசி நேராக உள்ளே போகும். மூடியிட்ட மறைமுகத் துளை உள்ளதை வாங்குங்கள். வெல்டிங்குக்கு இதில் எதுவும் பொருந்தாது, அதற்கு உரிய நிழல் எண் (ஒளியை எவ்வளவு குறைக்கும் என்று காட்டும் எண்) கொண்ட கவசம் தனி.

தூங்கும்போது இமை முழுதாக மூடாமல், மின்விசிறிக் காற்றில் காலையில் கண் எரிகிறது என்றால் மென்மையான ஈரக் கவசம் வேண்டும். நீச்சல் காகிள்ஸ் போடச் சிலர் சொல்வார்கள். அது கண் குழியை அழுத்தும், கண் அழுத்தமும் கூடலாம். கிளாக்கோமா (கண் நீர் அழுத்த நோய்) உள்ளவர்கள் அந்த யோசனையையே விட்டுவிட வேண்டும்.

நான்காம் படி: குறிகளைப் படியுங்கள்

அட்டையில் "ஆன்டி ஃபாக்" என்று பெரிதாக அச்சிட எந்தத் தடையும் இல்லை. லென்ஸிலும் பிரேமிலும் பொறித்த சின்ன எழுத்துகள்தான் சாட்சி. போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஐரோப்பிய ஈஎன் 166 தரத்தில் ஆங்கில "என்" எழுத்து இருந்தால் ஆவி படியாமைச் சோதனையில் தேறியது. வெந்நீர் ஆவிக்கு மேலே பிடித்த லென்ஸ் குறைந்தது 8 வினாடி மூடாமல் இருக்க வேண்டும் என்பதே அந்தச் சோதனை. 8 வினாடி குறைவாகத் தோன்றலாம், ஆனால் பூச்சில்லாத லென்ஸ் அதில் உடனே வெளுத்துவிடும். "கே" கீறல் தாங்கும் என்பதற்கு. "எஃப்" வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சிறு எஃகுக் குண்டைத் தாங்கும், "பி" (B) 120 மீட்டரைத் தாங்கும். முன்னால் உள்ள 1 என்ற எண் ஒளியியல் தரம். நாள் முழுக்கப் போடுபவர்கள் 1 இல்லாததை வாங்கக் கூடாது, தலைவலிதான் மிஞ்சும். பிரேமில் 4 இருந்தால் பெருந்தூசிக்கும், 5 இருந்தால் நுண்தூசிக்கும் வாயுவுக்கும்.

அமெரிக்கத் தரத்தில் "இசட்87" அடிப்படைத் தேர்ச்சி, அதன் பின் கூட்டல் குறி இருந்தால் அதிவேக மோதல். 2020 பதிப்பிலிருந்து ஆவி படியாமைக்கு "எக்ஸ்" எழுத்து வந்திருக்கிறது. தூசிக்கு "டி4" (D4), நுண்தூசிக்கு "டி5" (D5). இந்தியத் தரமான ஐஎஸ் 5983 இருந்தால் கண் பாதுகாப்புக் கருவி என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஆவி பற்றித் தனியாகக் கேளுங்கள். வெறும் "சிஇ" மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருந்தால் போதும். நிறமே இல்லாமல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். "புளூ கட்" எனும் நீல ஒளித் தடுப்பு வறட்சிக்கு உதவாது, அந்தக் காசைப் பூச்சுக்குக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: எந்த வகை, என்ன விலை

கீழே உள்ளவை சுமாரான கடை விலை. சென்னையில் பாரிமுனை, மற்ற ஊர்களில் தொழிற்பேட்டை பக்கத்துப் பாதுகாப்புப் பொருள் கடைகளில் ஆன்லைனைவிட நல்லது உண்டு, போட்டுப் பார்த்தே வாங்கலாம்.

பூச்சில்லாத திறந்த வகை 60 முதல் 150 ரூபாய். உலர் கண்ணுக்கு இது வீண். ஆன்டி ஃபாக் பூச்சும் வளைந்த பக்கமும் உள்ளது 150 முதல் 500 வரை, பெரும்பாலோர் தொடங்க வேண்டிய இடம் இதுவே. உள் விளிம்பில் ஃபோம் வைத்தது 500 முதல் 1,500 வரை. காற்று வீச்சில் நேரம் செலவிடுபவர்களுக்குக் கொடுக்கும் காசுக்கு அதிகம் தருவது இந்த வகைதான். ஃபோம் தனியாகக் கழன்று மாற்றக்கூடியதா என்று கேளுங்கள், ஏனென்றால் லென்ஸுக்கு முன் ஃபோம்தான் கெடும். மறைமுகத் துளை காகிள்ஸ் 200 முதல் 800. இதில் இரட்டை லென்ஸ் உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். இடையில் உள்ள காற்றடுக்கு உள் லென்ஸைக் குளிராமல் வைக்கும், பூச்சு தேய்ந்த பிறகும் இது வேலை செய்யும். உலர் கண்ணுக்கென்றே விற்கும் ஈர அறைக் கண்ணாடிகள், ஜீனா, செவன்ஐ போன்றவை, இறக்குமதியாகி பத்தாயிரத்தைத் தாண்டும். நோய் கடுமையாக இருந்து, மலிவான ஃபோம் வகை உதவுகிறது ஆனால் நாள் முழுக்கப் போட முடியவில்லை என்று உறுதியான பிறகே அதை யோசிக்கலாம்.

பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு நான்கு வழி. மேலே போடும் பெரிய கண்ணாடியில் இரண்டு லென்ஸ், நான்கு பரப்பு, நான்கிலும் ஆவி படியலாம். உள்ளே பவர் இன்சர்ட் மாட்டும் வகை பரவாயில்லை, இன்சர்ட்டுக்கும் பூச்சு வேண்டும். மிகவும் வளைந்த பிரேமில் நேராகப் பவர் போடச் சொன்னால் அதிகப் பவருக்கு ஓரம் வளைந்து தெரியும். பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது, இருக்கும் கண்ணாடியில் தடுப்பு வைப்பதுதான்.

அதைச் செய்வது இப்படி. 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈவிஏ ஃபோம் தாளை 8 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டுங்கள். முதலில் அட்டையில் அச்சு வெட்டி முகத்தில் வைத்துப் பார்த்து, பிறகு ஃபோமை வெட்டினால் வீணாகாது. மெல்லிய இரட்டைப் பக்க டேப்பால் பிரேமின் உள் விளிம்பில் ஒட்டுங்கள், லென்ஸில் படக் கூடாது. முழுதாக மூட வேண்டாம். மேலே நடுவில் ஒரு 10 மில்லிமீட்டர், கீழே வெளி ஓரத்தில் ஒரு 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சூடான ஈரக் காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று மெதுவாக வரும். மூக்குப் பக்கம் மட்டும் இடுக்கே இருக்கக் கூடாது, மூச்சு ஏறுவது அங்கேதான். இமை முடி ஃபோமிலோ லென்ஸிலோ தட்டினால் தடிமனைக் கூட்டுங்கள். ஒட்டிய பின் இரண்டு நாள் காற்றாட வையுங்கள், பசையின் வாடையே உலர் கண்ணை எரிக்கும். கதவு இடுக்குக்கு ஒட்டும் ஃபோமும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் வேண்டாம். இப்படிச் செய்தது அலுவலகத்துக்கும் வீட்டுக்கும்தான். பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடாது, பட்டறைக்குள் இதை நம்பிப் போகாதீர்கள்.

ஆறாம் படி: கடையிலேயே மூன்று சோதனை

போட்டுக்கொண்டு மேசை மின்விசிறிக்கு ஒரு மீட்டர் தூரத்தில், நேராகவும் பக்கவாட்டிலும் அரை அரை நிமிடம் நில்லுங்கள். எந்த மூலையில் கண் சில்லென்கிறதோ அங்கே இடுக்கு. பெரும்பாலும் கன்னத்தின் வெளி ஓரமாகத்தான் இருக்கும். மூக்குப் பகுதியையோ கண்ணாடிக் கைகளின் சாய்வையோ மாற்றிச் சரியாகாவிட்டால் அந்த மாடல் உங்கள் முகத்துக்கு இல்லை. விலையோ பெயரோ இதை மாற்றாது.

அடுத்து ஆவி. டீக்கடை வெந்நீர் ஒரு டம்ளர் போதும். லென்ஸின் உள்பக்கத்தை ஆவிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து எண்ணுங்கள். எட்டு எண்ணும் வரை தெளிவாக இருந்தால் பூச்சு உண்மை. நீர் மெல்லியதாகப் பரவி லேசாக அலையடித்தால் பயப்பட வேண்டாம், பூச்சு வேலை செய்யும் விதமே அதுதான். வெள்ளையாக மூடினால் வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஹெல்மெட். கண்ணாடியின் கை தடிமனாக இருந்தால் காதுக்கு மேல் பத்து நிமிடத்தில் வலி எடுக்கும், ஃபோமும் முகத்தை விட்டு விலகும். ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏழாம் படி: பூச்சைக் கெடுக்காமல் வைத்திருப்பது

நல்ல கண்ணாடி இரண்டே மாதத்தில் மூடத் தொடங்குகிறது என்று வரும் குறைகளில் பெரும்பாலானவை துடைக்கும் முறையால் வருபவை. பூச்சு ஈரத்தை உறிஞ்சும்போது மென்மையாகும். அப்போது வேட்டி நுனியாலோ சட்டையாலோ தேய்த்தால் அது உரிந்துவரும். உள்பக்கம் ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. குழாய் நீரில் காட்டித் தூசியைக் கழுவி, உதறி, நிழலில் காய விடுங்கள். பிசுக்கு இருந்தால் ஒரு துளி குழந்தை ஷாம்பூவை விரல் நுனியில் தொட்டு மென்மையாகத் தடவி, வாசம் போகும் வரை அலசுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய நெற்றி, மஞ்சள் பூசிய கன்னம், இமைக்குப் போட்ட களிம்பு எல்லாம் லென்ஸுக்கும் ஃபோமுக்கும் ஏறும். எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பூச்சும் வேலை செய்யாது. முகம் கழுவி, துடைத்து, பிறகு போடுங்கள். சூடான ஒத்தடம் கொடுத்திருந்தால் 10 நிமிடம் பொறுங்கள், சொட்டு மருந்து போட்டிருந்தால் 5 நிமிடம்.

பற்பசை, உமி, சாம்பல், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் இவை பாலிகார்பனேட்டைக் கீறும் அல்லது நுண்விரிசல் விட வைக்கும். சோப்பு தடவி அலசாமல் துடைத்துவிடும் பழைய உத்தி ஆவியைக் கொஞ்ச நேரம் தடுக்கும்தான், ஆனால் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கினால் உலர் கண் படும் பாடு சொல்லி மாளாது. கடையில் விற்கும் ஆன்டி ஃபாக் ஸ்பிரேக்களிலும் கவனம் தேவை. 2022ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த ஸ்பிரேக்களிலும் துணிகளிலும் பிஎஃப்ஏஎஸ் எனப்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் வகை ரசாயனங்களைக் கண்டார்கள். பூச்சுள்ள லென்ஸ் வாங்கினால் இந்தக் கவலையே வேண்டாம். பூச்சில்லாத பழைய லென்ஸுக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் முதல் நாள் இரவே தடவி, காலைக்குள் முழுதாகக் காய வையுங்கள்.

ஃபோமை அன்றாடம் அலசாவிட்டால் உப்பும் வியர்வையும் சேர்ந்து இமை ஓரம் அரிக்கும். பிறகு அது கண் வறட்சி கூடியதாகத் தோன்றும். நீரில் பிழிந்து, துணியில் ஒற்றி, இரவெல்லாம் காய விடுங்கள். அமுக்கினால் மீண்டு எழாத ஃபோமை மாற்றிவிடுங்கள், தினமும் போடுபவர்களுக்கு இது மூன்று முதல் ஆறு மாதத்தில் வரும். வண்டி டேங்கின் மேலோ கார் முன்கண்ணாடி ஓரமோ வெயிலில் வைக்கக் கூடாது.

புதுக் கண்ணாடியை முதல் நாளே எட்டு மணி நேரம் போட வேண்டாம். முதல் இரண்டு நாள் 20 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் என்று கூட்டுங்கள். தோல் சிவந்தால் ஃபோமோ பசையோ ஒத்துக்கொள்ளவில்லை, சிலிக்கோனுக்கு மாறுங்கள். ஒரு வாரம் போட்டும் எரிச்சல் குறையவில்லை, சொட்டு மருந்து போடும் தடவையும் குறையவில்லை என்றால் வேறு கண்ணாடி தேடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்தக் கண்ணாடியையும் கையோடு எடுத்துப் போங்கள். இமை ஓரத்தைச் சோதிக்கும்போது விளிம்பு எங்கே அழுத்துகிறது என்று அவரே காட்டுவார்.